ஏலத்தில் எடுத்த ஹம்வீ: கேள்வித் தொகையிலிருந்து முதல் ஸ்டார்ட் வரை

கடைசியில் எஞ்சினைக் கிளப்பியது டீசல் டேங்குக்கும் அதிலிருந்து டீசலை உறிஞ்சும் லிஃப்ட் பம்புக்கும் நடுவே மாற்றிய ஒரு சாண் ரப்பர் குழாய். விலை இருபது டாலர்கூட இல்லை. அமெரிக்க அரசின் உபரி ஏலத்தில் எடுத்த எம்998 ஹம்வீ என்ற ராணுவ வண்டி இது. பட்டியலில் 'ஜம்ப் கொடுத்தால் ஸ்டார்ட் ஆகும்' (அதாவது வேறு பேட்டரியை இணைத்தால்) என்று போட்டிருந்தது. இறக்கி வைத்தபின் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றியது. ஆனால் பெரிய பணம் போனது எஞ்சினில் அல்ல. பட்டியலைப் படிப்பது, காகிதம், டிரெய்லர் என்று ஸ்பானர் எடுப்பதற்கு முன்பே போய்விட்டது. அதனால் பதிவில் பாதி அதைப் பற்றித்தான்.

பட்டியலைப் படிப்பது

அமெரிக்க ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கிய பொருள்கள் டிஎல்ஏ டிஸ்போசிஷன் சர்வீசஸ் என்ற பிரிவின் கைக்கு வரும். தலைமையகம் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக். மற்றப் படைப்பிரிவுகள், மத்திய அரசுத் துறைகள், மாநில அமைப்புகள் எல்லாம் எடுத்தது போக மிஞ்சியதுதான் பொது ஏலத்துக்கு வரும். ஆகவே நல்லதைப் பலர் பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே படங்களைத் திறக்க வேண்டும். ஓடும் நிலையில் ஹம்வீக்கள் இணைய ஏலத்துக்கு வரத் தொடங்கியது 2014 டிசம்பரில். முதல் தொகுதி 25 வண்டிகள், தொடக்க ஏலக் கேள்வி 10,000 டாலர்.

முதலில் பார்க்க வேண்டியது என்எஸ்என் எண், அதாவது பொருளின் வகையைச் சொல்லும் அரசு இருப்பு எண். 2320 என்று தொடங்கினால் டிரக் வகை, 2330 என்றால் டிரெய்லர். அடுத்தது டிமில் குறியீடு: வெளியே விடுமுன் ராணுவத் தன்மையை எவ்வளவு நீக்க வேண்டும் என்று சொல்வது. 'டி' என்றிருந்தால் வண்டியாக வெளியே வராது, வெட்டி உருக்குலைத்த இரும்பாகத்தான் வரும். 'க்யூ' என்றால் வாங்குபவரை அரசு சரிபார்த்த பிறகே ஒப்படைப்பார்கள்.

பிறகு மாடல். எம்998 திறந்த சரக்கு வண்டி; எம்1038 அதுவே வின்ச்சோடு (கேபிளால் இழுக்கும் கருவி). எம்1025 ஆயுதம் தாங்கும் வகை, பின்கூரை சரிவாக இருக்கும். எம்997 ஆம்புலன்ஸ், எம்1097 கூடுதல் சுமை தாங்குவது. பழைய எம்998-இல் 6.2 லிட்டர் வி8 டீசலும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கும் இருக்கும். ஏ2 என்று முடியும் மாடல்களில் 6.5 லிட்டரும் நான்கு கியரும். சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால் நாலாவது கியருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். மூன்று கியர் வண்டி மணிக்கு 55 மைலில் கத்தும் கத்தலில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேச முடியாது.

ஓடோமீட்டரை நம்புவதில் பயனில்லை. பல வண்டிகளில் மீட்டர் மாற்றியிருப்பார்கள். அதைவிடப் பயனுள்ளது டேட்டா பிளேட் (வண்டி விவரம் பொறித்த தகடு) படம். அசல் அலுமினியத் தகட்டின் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு தகடு இருந்தால், வண்டி முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது என்று பொருள். டெக்சஸில் உள்ள ரெட் ரிவர், பென்சில்வேனியாவில் உள்ள லெட்டர்கென்னி ராணுவப் பணிமனைகள் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவை. 1980-களின் வண்டியில் 2000-க்குப் பிந்தைய புதுப்பிப்புத் தகடு இருந்தால் அதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

படங்களில் 'என்ன இல்லை' என்று தேடுவதே வேலை. ராணுவ முகாமில் ஒரு வண்டி ஓரங்கட்டப்பட்டதும் மற்ற வண்டிகளுக்காக அதைக் கழற்றத் தொடங்குவார்கள். பேட்டரி அநேகமாக இருக்காது, அது பரவாயில்லை. ஆல்டர்னேட்டர், மின்சாரக் கண்ட்ரோல் பாக்ஸ், ஸ்டியரிங் பம்ப், ரேடியேட்டர் மூடி இவற்றின் இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு பிளக் கம்பி அநாதையாகத் தொங்கினால் அதன் மறுமுனைப் பாகம் போய்விட்டது. பெல்ட் இல்லாத படம் மோசமான அறிகுறி: ஏதோ ஒன்று இறுகியதால் கழற்றியிருக்கலாம். பானெட் ஃபைபர், கீல் பக்கம் விரிசல் சகஜம். உடல் அலுமினியம், துரு பிடிக்காது. ஆனால் கீழே சட்டம் இரும்பு. கடலோர முகாமிலிருந்து வரும் வண்டியில் பின்குறுக்குச் சட்டத்தின் படம் இல்லையென்றால், அதைக் கேட்டு வாங்காமல் ஏலத்தில் கேள்வி போடக் கூடாது.

கேள்வித் தொகை

பின்னாலிருந்து கணக்குப் போடுவதுதான் சரியான வழி. வண்டி ஓடும் நிலையில் நிற்க மொத்தம் 15,000 டாலருக்கு மேல் போகாது என்று ஒரு வரம்பு. அதிலிருந்து கழித்தவை: ஏற்றி வர 1,100, பேட்டரி இரண்டு 600, டயருக்கு 1,200, எண்ணெய், ஃபில்டர், பெல்ட், ஹோஸ் 450, குளோ பிளக்கும் (குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றுவது) சில்லறையும் 200, பிரேக், சிவி பூட் (அச்சு இணைப்பின் ரப்பர் உறை) 500, காகிதம், காப்பீடு 350, தெரியாத பழுதுக்கு 1,600. மொத்தம் 6,000. மீதி 9,000. இதையே கேள்வித் தொகையாகப் போட்டால் தவறு, ஏனென்றால் வாங்குவோர் கட்டணமும் மாநில விற்பனை வரியும் அதன்மேல் ஏறும். கட்டணம் 10 சதவீதம், வரி 6 சதவீதம் என்று வைத்தால் 1.10 பெருக்கல் 1.06, அதாவது 1.166. 9,000-ஐ 1.166-ஆல் வகுத்தால் 7,718. ஆக உச்சக் கேள்வி 7,700. சதவீதம் ஏலத்துக்கு ஏலம், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அன்றைய விதிமுறைப் பக்கத்தில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொகையை உச்ச வரம்பாகப் பதிந்துவிட்டு, ஏலம் முடியும்வரை திரையை மூடி வைப்பது நல்லது. கடைசி நிமிடத்தில் 'இன்னும் ஒரு இருநூறு' என்று ஏற்றுகிறவர்கள் எல்லோரும் அந்த இருநூறை டயர்க் கணக்கிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வண்டிகள் பல வரும். முதலில் முடிபவை ஏறிப்போகும், பின்னால் முடிபவற்றில் ஆள் குறையும்.

காகிதம்

வென்ற பிறகு உடனே வண்டி கிடைக்காது. இறுதிப் பயன்பாட்டுச் சான்று, அதாவது இயூசி என்கிற டிஎல்ஏ 1822 படிவம் நிரப்ப வேண்டும். யார் வாங்குகிறார், எதற்கு, எங்கே வைப்பார், மறுபடி விற்கவோ ஏற்றுமதி செய்யவோ உத்தேசமா என்று கேட்கும். எழுதியதும் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பொய்த் தகவல் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். 'பண்ணை நிலத்தில் சுமை ஏற்ற' என்பது போல் ஒரே வரியில் தெளிவாக எழுதினால் திரும்பக் கேள்வி வராது. 'பொழுதுபோக்கு, ஒருவேளை விற்கலாம்' என்பது மாதிரி இழுத்தால் கோப்பு நிற்கும். அனுமதி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை லாரிக்காரரிடம் தேதி சொல்லக் கூடாது. அனுமதி வந்ததும் நிலைமை தலைகீழ்: வண்டியை எடுக்கக் கெடு ஓடத் தொடங்கும், தாண்டினால் நிறுத்தக் கட்டணம்.

கவசமும் ஆயுதமும் இல்லாத ராணுவ வண்டிகள் 2014 முதல் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 0ஏ606 என்ற எண்ணில் இருக்கின்றன. நம் பெயருக்கு வந்த பிறகும் அந்தக் கட்டுப்பாடு வண்டியோடே இருக்கும்.

பெயர் மாற்றத்துக்கான அரசுச் சான்று எஸ்எஃப்-97. ஹம்வீக்கு வரும் எஸ்எஃப்-97-இல் 'சாலைக்கு வெளியே மட்டும்' என்ற குறிப்பு இருக்கலாம். காரணம் எளிது: படைக்கு நேரடியாக விற்கும் வண்டிகளுக்கு மத்திய வாகனப் பாதுகாப்புத் தரங்களிலிருந்து விலக்கு உண்டு, அதனால் அவை பொதுச் சாலைத் தரத்துக்குச் சான்று பெற்றவை அல்ல. சில மாநிலங்கள் இதையும் மீறிப் பதிந்து தரும், சில தராது, பதிந்ததைப் பின்னால் ரத்து செய்வதும் உண்டு. சாலையில் ஓட்ட வேண்டும் என்பவர் ஏலத்தில் கேள்வி போடுவதற்கு முன்பே தன் மாநில வாகனத் துறையிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது என்பது ஆதாரமாகாது.

ஏற்றி வருவது

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். எம்998 வெறும் எடையே ஏறத்தாழ 5,200 பவுண்டு, 2,360 கிலோ. 7,000 பவுண்டு மொத்த எடை தாங்கும் கார் டிரெய்லர் போதும் என்று தோன்றும். டிரெய்லரின் சொந்த எடை 2,000 பவுண்டைச் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். 10,000 பவுண்டு டிரெய்லர்தான் சரி. அகலம் அதைவிடப் பெரிய சிக்கல். சக்கர மையங்களுக்கு இடையே 72 அங்குலம், டயர் அகலம் பன்னிரண்டரை. வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு எண்பத்து நான்கரை. சாதாரணக் கார் டிரெய்லரில் இரண்டு மட்கார்டுகளுக்கு நடுவே 82, 83 அங்குலம்தான். உள்ளே நுழையாது. தளம் சக்கரத்துக்கு மேலே இருக்கும் டெக்-ஓவர் டிரெய்லர் வேண்டும்.

பட்டியல் என்ன சொன்னாலும் வண்டி ஓடாது என்றே தயாராகப் போக வேண்டும்: டிரெய்லரில் வின்ச், சிறிய காற்றுக் கம்ப்ரசர், நாலு சங்கிலியும் அவற்றை இறுக்கும் பைண்டரும், பெரிய போல்ட் கட்டர். ஹம்வீக்குச் சாவி கிடையாது, திருகும் சுவிட்ச்தான். திருட்டைத் தடுக்க ஸ்டியரிங்கை ஒரு கேபிளால் தரையோடு பூட்டி வைப்பார்கள், அந்தப் பூட்டின் சாவி யாரிடமும் இருக்காது. போல்ட் கட்டர் அதற்கு. உருட்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) நெம்புகோலை நியூட்ரலில் வைக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்

ராணுவக் கையேடுகள் டிஎம் 9-2320-280 வரிசை: -10 ஓட்டுநருக்கு, -20 பராமரிப்புக்கு. இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். -20-இன் பழுது கண்டறியும் அட்டவணையை அச்சிட்டு பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் நேரம் மிச்சம்.

மின்சாரத்தில் தொடக்கம். முன்பக்கப் பயணி இருக்கைக்குக் கீழே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக, மொத்தம் 24. ராணுவ 6டி வகை, ஏஜிஎம் என்ற மூடிய பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 40 கிலோ. முதுகைக் காப்பாற்ற ஆள் துணை வேண்டும். சோதனைக்குச் சாதாரண லாரி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தாலே போதும். சும்மா இருக்கும்போது 25 வோல்ட்டுக்கு மேல், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 19-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் மற்ற எந்தச் சோதனையும் பொய்ப் பதில் தரும். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 20 வினாடிக்கு மேல் சுற்றக் கூடாது. முதல் முயற்சிக்கு முன் தீயணைப்பான் பக்கத்தில், காற்று நுழைவாயை அடைக்க ஒரு தடிமனான பலகை கையில். டீசல் எஞ்சின் நிற்க மறுத்தால் காற்றை அடைப்பதுதான் உறுதியான வழி.

எரிபொருள் வடிகட்டியின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தபோது அடியில் இரண்டு விரல் தண்ணீர், மேலே கறுத்த டீசல். டேங்க் 25 காலன். முழுவதும் வடித்து, புது ஃபில்டர் போட்டு, ஐந்து காலன் புது டீசல்.

மறுபடி சுற்றியபோது சைலன்சரில் புகையே இல்லை. இந்த எஞ்சினில் புகைதான் முதல் சாட்சி. வெள்ளைப் புகை வந்து பிடிக்காவிட்டால் டீசல் போகிறது, சூடு இல்லை: குளோ பிளக். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. இங்கே இரண்டு பழுதும் சேர்ந்தே இருந்ததால் குழப்பம் கூடியது.

குளோ பிளக் எட்டு. கம்பியைக் கழற்றி, 24 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வைத்தால், நல்ல பிளக் விளக்கை எரிய வைக்கும். எட்டில் மூன்று எரியவில்லை. கழற்றும்போது அவசரம் ஆகாது. அதிகச் சூட்டில் நுனி பருத்த பிளக், திருகு முழுதும் வந்த பிறகும் வெளியே வராது. இழுத்தால் நுனி உடைந்து உள்ளறையில் விழும், பிறகு இன்ஜெக்டரைக் கழற்றித் தேட வேண்டிவரும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னுமாகத் திருகி எடுத்தால் வந்துவிடும். 12 வோல்ட் பிளக்கை இதில் போட்டால் சீக்கிரமே கருகும்; எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

புது பிளக்குகளுடன் மூன்று வினாடி வெள்ளைப் புகை, ஒரு உறுமல், அதோடு அடங்கியது. டீசல் சிறிது வந்து நின்றுவிடுகிறது என்றால் பாதையில் காற்று. முதலில் ஷட்-ஆஃப் சாலினாய்ட், அதாவது டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு: சுவிட்சை ரன் நிலைக்குத் திருப்பினால் இன்ஜெக்ஷன் பம்பின் தலையில் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்டது. அடுத்தது மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய். இது ஸ்டானடைன் டிபி2 ரோட்டரி பம்ப். பழைய பம்புகளில் உள்ளே கவர்னரின் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) வளையம் பொடிந்து, கறுப்புத் துகள்களாக ரிட்டர்ன் முனையை அடைக்கும். முனையைக் கழற்றித் தட்டிப் பார்த்ததில் துகள் இல்லை; பம்ப் தப்பித்தது. துகள் இருந்திருந்தால் பம்பைப் பிரித்தே ஆக வேண்டும், தெரியாத பழுதுக்கு ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி அங்கேயே போயிருக்கும். ரிட்டர்ன் குழாயின் நடுவே ஒரு அடி ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்திச் சுற்றியபோது டீசலோடு நுரை நுரையாகக் குமிழிகள்.

காற்று எங்கே நுழைகிறது என்பதை ஒரே சோதனையில் இரண்டாகப் பிரிக்கலாம். லிஃப்ட் பம்பின் உள்வரும் குழாயைக் கழற்றி, புதுக் குழாய் ஒன்றைப் போட்டு அதன் மறுமுனையை டீசல் கேனில் விட வேண்டும். குமிழி நின்றால் பழுது டேங்க் பக்கம். நிற்காவிட்டால் பம்பிலோ அதற்குப் பிறகோ. கேனிலிருந்து குடித்ததும் குமிழி நின்றது, எஞ்சின் பிடித்தது, ஐந்து நிமிடம் சீராக ஓடியது.

டேங்கிலிருந்து வரும் உலோகக் குழாய் சட்டத்தின்மேல் முடியும் இடத்தில் ஒரு ரப்பர் இணைப்பு. வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. காரணம், இந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சுகிறது. விரிசல் வழியே டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நிற்கும்போது டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்துவிடும். ஏல வண்டிகள் நிற்கும் யார்டில் ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் ஆன வண்டி இங்கே ஆகாமல் போனதற்கு இதுவே விளக்கம். விரலால் வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். டீசலுக்கான ஹோஸ், இரண்டு கிளாம்ப், வேலை முடிந்தது. இன்ஜெக்டர்களுக்கு நடுவே உள்ள துணி சுற்றிய ரிட்டர்ன் துண்டுகளும் அதே வயதுதான், அவற்றையும் சேர்த்தே மாற்றியாயிற்று. காற்றை வெளியேற்ற இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்திச் சுற்றும்போது கையை அருகே கொண்டுபோகக் கூடாது. அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைக்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு

ஸ்டியரிங், பிரேக் பூஸ்டர், ரேடியேட்டர் விசிறியின் கிளட்ச் மூன்றும் ஒரே ஹைட்ராலிக் பம்பை நம்பியிருக்கின்றன. ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, பிரேக் கட்டையாக இருக்கிறது என்றால் முதலில் அந்த எண்ணெய்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். விசிறி சூடேறும்போது மட்டும் சுற்றும்படி ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. அதன் மின் இணைப்பைக் கழற்றினால் விசிறி எப்போதும் சுற்றும். சூடு ஏறும் வண்டியை யார்டிலிருந்து ஓட்டி வர இந்தத் தந்திரம் போதும், நிரந்தரத் தீர்வல்ல.

பிரேக்கில் சிலிகோன் வகை டாட் 5 திரவம். வழக்கமான டாட் 3, டாட் 4 இதில் கலக்கக் கூடாது. டிஸ்க்குகள் சக்கரத்தில் அல்ல, உள்ளே டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. பேட் மாற்ற வண்டிக்குக் கீழே படுக்க வேண்டும், சக்கரத்தைக் கழற்றினால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு சக்கரத்திலும் 1.92-க்கு 1 என்ற விகிதத்தில் ஒரு கியர் ஹப் (சக்கர மையத்துக் கியர்ப் பெட்டி) உண்டு. நாலிலும் எண்ணெயைத் திறந்து பார்த்ததில் பின்வலது ஹப்பில் பால் நிறம்: தண்ணீரில் இறங்கிய வண்டி, காற்றுக் குழாய் வெடித்திருக்கிறது. குழாயை மாற்றி, ஹப்பைக் கழுவி, புது எண்ணெய். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளர்வு இல்லை, எனவே பேரிங்கைத் தொடவில்லை.

டயரின் பக்கச்சுவரில் உள்ள டாட் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் பக்கச்சுவர் வெடித்திருந்தால் போட்டு ஓட்டக் கூடாது. ரிம் இரண்டு துண்டு, போல்ட்டால் பிணைத்தது, உள்ளே காற்று போனாலும் ஓட வைக்கும் ரன்ஃபிளாட் வளையம். வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுதும் போனதை உறுதி செய்யாமல் அந்த ரிம் போல்ட்டில் ஸ்பானர் வைக்கவே கூடாது. காற்றோடு திறந்த ரிம் ஆளைக் கொன்றுவிடும்.

பெயின்ட் விஷயத்திலும் கவனம் தேவை. பச்சையோ மணல் நிறமோ, ராணுவத்தின் சிஏஆர்சி என்ற, ரசாயனத்தைத் தாங்கும் பூச்சு அது. தேய்த்தால் வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது, பழைய வண்டிகளில் அடிப்பூச்சில் குரோமியம் இருக்கும். மேலேயே புதுப்பூச்சு அடிப்பது நல்லது. துளை போடும் இடத்தில் மட்டும் முகக்கவசத்தோடு ஈரத்தாளில் தேய்க்கலாம்.

கணக்கும் அடுத்த முறையும்

தெரியாத பழுதுக்கு வைத்த 1,600-இல் பாதிக்கு மேல் மிஞ்சியது, டயர் கணக்கு மட்டும் தாண்டியது: நாலில் இரண்டு போதும் என்று போட்ட மதிப்பீடு, பக்கச்சுவரைப் பார்த்ததும் நாலாகிவிட்டது. அடுத்த கேள்வியில் படத்தில் டாட் எண் தெரியாத டயர் எல்லாம் பூஜ்யம் என்று வைத்துத்தான் வகுக்க வேண்டும். புதுப்பிப்புத் தகடு உள்ள, 300 மைலுக்குள் நிற்கும் வண்டிக்கு ஆயிரம் டாலர் கூடக் கொடுப்பது லாபம். தூரத்து மலிவு வண்டியின் லாபத்தை டிரெய்லர் வாடகை தின்றுவிடுகிறது. யார்டில் அனுமதித்தால் ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால் யாரோ சற்று முன் கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பது அப்போது தெரியாமலே போய்விடும். வண்டியை வாங்கும் முடிவுக்கு உதவுவது அந்தக் குளிர் ஸ்டார்ட் மட்டும்தான்.